செம்பு அண்டாவும் பழுக்காத தக்காளியும்: வாசகர் கேள்வி, தாவரவியல் ஆசிரியர் பதில்

மடிப்பாக்கம் வாசகர்: அரிசி டிரம்மில் போட்ட மாங்காய் ஏன் சீக்கிரம் பழுக்கிறது?

காயே எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. டிரம்முக்குள் அது தங்கிவிடுவதால் காய் இன்னும் அதிகமாகச் சுரக்கும். முற்றாத காயைப் போட்டால் வெம்பித்தான் போகும்.

வில்லிவாக்கம்: கோயம்பேட்டில் வாங்கிய மாம்பழம் கார்பைடு போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கார்பைடில் ஈரம் பட்டால் அசெட்டிலீன் வரும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரலாம். அதனால்தான் தடை. சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். எந்தப் பழமானாலும் ஓடும் நீரில் கழுவுங்கள்.

அண்ணா நகர்: மூக்கே இல்லாத செடி வாயுவை எப்படி உணர்கிறது?

இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் இருந்தேன். செல்லுக்குள் இருக்கும் சவ்வில் ஈடிஆர்1 போன்ற ஏற்பிப் புரதங்கள், அதாவது வாயுவைப் பிடித்து உணரும் புரதங்கள், உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் செம்பு அயனி உண்டு. எத்திலீன் ஒட்டுவது அதில்தான். வாயு வந்ததும் காலிங் பெல் மாதிரி அடிக்கும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். வாயு இல்லாதபோதுதான் ஏற்பி மும்முரமாக இருக்கிறது. சிடிஆர்1 என்ற புரதத்தை ஏவி, பழுக்க வைக்கும் வேலைகளை அமுக்கி வைக்கிறது. எத்திலீன் ஒட்டினால் ஏற்பி ஓய்ந்துவிடும், பிடி தளரும். ஈஐஎன்2 என்ற புரதத்தின் ஒரு துண்டு கழன்று உட்கருவுக்குள் போய் மரபணுக்களைக் கிளப்பிவிடும்.

‘நெவர் ரைப்’ என்றொரு தக்காளி வகை இருக்கிறது. அதன் ஏற்பி ஒன்றில் பிழை, வாயு ஒட்டாது. ஆகவே அந்த ஏற்பி ஓயவே ஓயாது. வெளியிலிருந்து எத்திலீன் கொடுத்தாலும் பழம் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கும்.

மயிலாப்பூர்: அப்போ செம்பு அண்டாவில் வாழைக்காய் வைத்தால் சீக்கிரம் பழுக்கும்தானே?

அண்டாவின் செம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏற்பிக்கு வேண்டிய செம்பை ரான்1 என்ற புரதம் செல்லுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மயிலாப்பூர், மறுபடியும்: எங்கள் பாட்டி செம்பு அண்டாவில்தான் பழுக்க வைப்பார். அது பொய்யா?

பாட்டி சரி, காரணம்தான் வேறு. மூடி போட்டிருப்பார்.

மாம்பலம்: குறுக்கே வருகிறேன். வெள்ளித் தட்டில் வைத்தால்?

தட்டு ஒன்றும் செய்யாது. வெள்ளி அயனி செய்யும். ஏற்பியில் அது புகுந்துவிட்டால் எத்திலீன் வந்தாலும் ஏற்பி ஓயாது. கார்னேஷன் பூக்கள் சீக்கிரம் வாடாமலிருக்க வெள்ளி தயோசல்பேட் கரைசல் கொடுப்பது இதனால்தான். பூவுக்கு மட்டும், சாப்பிடும் பொருளுக்குக் கூடாது.

பெரம்பூர்: கார்பைடு மாம்பழத்தை எப்படி...

வில்லிவாக்கத்துக்குச் சொன்னதுதான்.

தாம்பரம்: கேஸ் அறையில் பழுத்த வாழைப்பழமும் விஷமா?

இல்லை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, அனுமதிக்கப்பட்டது. காய் தானே விடும் அதே வாயு. எத்திலீனை வெளியிடும் எத்திபான் என்ற ரசாயனத்தின் கரைசலில் காயை நேரடியாக முக்குவது வேறு. அதற்கு அனுமதி இல்லை.

போரூர்: புளிப்புத் திராட்சையை வாழைப்பழத்தோடு வைக்கலாமா?

வைக்கலாம், இனிக்காது. திராட்சை பறித்தபின் பழுக்காது.

ஆவடி: கார்பைடு...

கழுவுங்கள் ஐயா.

மயிலாப்பூர், மூன்றாம் முறை: மூடிதான் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே தாரில் மூன்று சீப்பு எடுங்கள். ஒன்று மூடிய செம்பு அண்டாவில், ஒன்று மூடிய எவர்சில்வரில், ஒன்று திறந்த செம்பில். எது முதலில் மஞ்சளாகிறது என்று பார்த்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.