மூடிக்கிடந்த ஆண்டுகளும் சர்வீஸில் சேரும்

கேள்வி: என் கணவர் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1992 ஜூன் முதல் தற்காலிகமாகவும், 1995 ஜூன் முதல் நிரந்தரமாகவும் வேலை பார்த்தார். 2024 ஆகஸ்டில், 54-ஆவது வயதில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டிலேயே இரவில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளாகவே தோட்ட ஆபீசில் கூப்பிட்டு, மலையாளத்தில் அச்சடித்த தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். நவம்பரில் சர்வீஸ் பணம் என்று 1,55,250 ரூபாய்க்குச் செக் கொடுத்தார்கள், பி.எஃப். பணமும் மாதப் பென்ஷனும் தனியாக வந்தன. இப்போது கம்பத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். தலைத் திவசம் முடியும்வரை அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்தபோது பழைய சம்பளச் சீட்டுகளோடு இந்தக் கணக்குத் தாளும் இருந்தது. கடைசி நாள் கூலி 450 ரூபாய், சர்வீஸ் 23 வருஷம் என்று போட்டிருக்கிறார்கள். டெம்பரவரி வருஷங்களையும், 2001 முதல் 2007 வரை தோட்டம் மூடிக்கிடந்த ஆறு வருஷத்தையும் விட்டிருக்கிறார்கள். மூடியபோது எங்களுக்கு ஒரு பைசா கணக்குத் தீர்க்கவில்லை. கேட்டால், "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்கிறார்கள். இனிமேல் கேட்க வழியுண்டா?

பதில்: வழியுண்டு, அம்மா. நீங்கள் கேட்டிருக்கும் தொகையைவிடப் பெரிய தொகை ஒன்று உங்கள் கடிதத்தில் இடம்பெறவே இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கையெழுத்தைப் பார்ப்போம், உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

நீங்கள் சர்வீஸ் பணம் என்று சொல்வது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வரும் கிராஜுவிட்டி. அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சட்டம் தரும் உரிமைக்கு முரணாக எந்த ஒப்பந்தமோ ஆவணமோ இருந்தாலும் அது செல்லாது, சட்டமே மேலோங்கும் என்கிறது. துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்த ஒருவரிடம், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தாலும்கூட, சட்டப்படி வர வேண்டிய மீதியை அந்தத் தாளால் அழித்துவிட முடியாது. செக்கை வங்கியில் போட்டுப் பணமாக்கியதும் தடையல்ல, ஏனென்றால் தகராறு இருக்கும்போதும் நிர்வாகம் தான் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்டியே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தோட்ட ஆபீஸ்களில் இந்த "திருப்தி"த் தாளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பத்தான் உதவுமே தவிர, கிராஜுவிட்டித் தகராறை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியின் முன் நிற்காது.

இனி கணக்கு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. திறந்த பிறகு அந்த இடைவெளியைத் தொழிலாளியின் தலையில் கட்டும் பழக்கத்தைப் பலரும் கண்டிருக்கிறோம். சட்டத்தின் 2ஏ பிரிவு இதற்கு நேரான பதில் தருகிறது. வேலை கொடுக்க முடியாமல் நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்தி வைத்த லே-ஆஃப் நாள்கள், கதவடைப்பு, தொழிலாளியின் தவறால் நேராத வேலை முடக்கம் ஆகிய எதனாலும் சர்வீஸ் அறுபடுவதில்லை. தோட்டத்தை மூடியது உங்கள் கணவரல்ல. ஆகவே அந்த ஆறு ஆண்டுகளைச் சேர்த்தால் நிரந்தர சர்வீஸ் மட்டும் 29 ஆண்டுகள் ஆகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. மூடியபோது பழைய நிர்வாகம் கிராஜுவிட்டியைக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தாலோ, 2007-இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாகக் காகிதங்கள் இருந்தாலோ நிர்வாகம் அதைத்தான் எடுத்து நீட்டும். ஒரு பைசாவும் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும், 1995 முதல் வேலைக்குச் சேர்ந்ததாக அவர்களே கணக்குப் போட்டிருப்பதும் உங்கள் பக்கம் வலுவாக இருக்கின்றன. அவர்களுடைய கணக்குத் தாளே உங்களுக்குச் சாட்சி. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

தற்காலிகமாக இருந்த மூன்று ஆண்டுகள் அவ்வளவு எளிதல்ல. சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்றாலும், இடைவிட்ட வேலையாக இருந்தால் ஓர் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருப்பதைக் காட்ட வேண்டும். பெட்டியில் உள்ள சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, நாள்களைக் கூட்டிப் பாருங்கள். உடன் வேலை பார்த்தவர்கள் யாராவது இன்றும் லயத்தில் இருந்தால் அவர்களுடைய சாட்சியும் உதவும். 1992 முதலே பி.எஃப். பிடித்திருந்தால் அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடையாது. ஆண்டுவாரியாகச் செலுத்திய விவரத்தைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பி.எஃப். அலுவலகத்துக்கு மனுப்போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நாள்கூலிக்காரருக்கு ஓராண்டு சர்வீஸுக்குப் பதினைந்து நாள் கூலி என்பதால், 450 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 6,750 ரூபாய் வருகிறது. அவர்கள் 23 ஆண்டுக்குக் கொடுத்தது 1,55,250. மூடிய ஆண்டுகளைச் சேர்த்தால் 1,95,750. மூன்று தற்காலிக ஆண்டுகளும் நிரூபணமானால் 2,16,000. ஆக உங்களுக்குக் குறைந்தது 40,500 ரூபாயும், அதிகபட்சம் 60,750 ரூபாயும் பாக்கி. கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் கொடுக்கும் நாள்வரை ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி உண்டு. இந்த 450 ரூபாயில் அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் முழுவதும் அடங்கியிருக்கிறதா என்பதையும் கடைசி மாதச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பஞ்சப்படியை விட்டுக் கணக்கிடுவதும் நடக்கிற காரியம்தான்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. உங்கள் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், உங்களுக்குப் பிறந்த உரிமை பழைய சட்டத்தின்படியே அளக்கப்படும். "சட்டமே மாறிவிட்டது" என்று யாரேனும் சொன்னால் குழம்ப வேண்டாம்.

காலம் கடந்துவிட்டதே என்பது உங்களுடைய இன்னொரு பயமாக இருக்கலாம். அதிகாரியிடம் மனுப்போட 90 நாள் என்று விதியில் இருப்பது உண்மை. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதே விதி அவருக்கு அதிகாரம் தருகிறது. நீங்கள் எனக்கு எழுதியதைப் போலவே எழுதுங்கள். கணவர் இறந்தது, ஊர் மாறியது, தலைத் திவசம்வரை பெட்டியைத் திறக்காதது, திறந்த பிறகே குறைவு தெரிந்தது என்று தேதிகளுடன் சொன்னால் போதும். அழுத நாள்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கும் அதிகாரியை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பிறகான தாமதத்துக்கு இந்தக் காரணம் உதவாது.

முதலில் தோட்ட நிர்வாகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில், விடுபட்ட ஆண்டுகளையும் மேலே உள்ள கணக்கையும் குறிப்பிட்டு மீதியைக் கேட்டு எழுதுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் அதிகாரியிடம் போகலாம். எந்த அதிகாரி என்பதில்தான் எல்லைப் பகுதிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். நீங்கள் கம்பத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதற்காகத் தேனிக்குப் போய்ப் பயனில்லை, வேலை நடந்த இடம் கேரளம். தோட்டக் கம்பெனிக்குக் கேரளத்தில் மட்டுமே தோட்டங்கள் இருந்தால் கேரளத் தொழிலாளர் துறையின் அதிகாரி. வால்பாறையிலோ நீலகிரியிலோ அதற்குக் கிளை இருந்தால் மத்திய அரசின் தொழிலாளர் துறை அதிகாரி. தவறான இடத்தில் போட்ட மனு ஓராண்டு கிடந்து திரும்பி வருவதைக் கண்டிருக்கிறேன், ஆகையால் கம்பெனியின் கடிதத் தாளில் உள்ள முகவரிகளை முதலில் பாருங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி அங்குள்ள தமிழர்கள் மாநில அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு என்றாலும், விசாரணைக்குப் போகும் மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ யூனியன் அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்வதே வேலையை விரைவுபடுத்தும் என்பது என் கருத்து. எழுதியதை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத பணம். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், இ.டி.எல்.ஐ. எனப்படும் காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு வரும். இதற்காகத் தொழிலாளியிடம் எதுவும் பிடிப்பதில்லை, அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கும், பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதியும் (1,75,000 வரை) சேர்ந்து, மொத்தம் 7 லட்சத்தைத் தாண்டாமல் தரப்படும். இறப்பதற்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து பணியில் இருந்தவருக்குக் குறைந்தது இரண்டரை லட்சம். மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால் உங்கள் கணவரின் சம்பளம் 11,700. அதன் 35 மடங்கே 4,09,500 ரூபாய். உங்கள் கைக்கு வந்த பி.எஃப். தொகையில் இது சேர்ந்திருந்ததா என்று வங்கிப் புத்தகத்தில் பாருங்கள். சேரவில்லை என்றால் 5-ஐ.எஃப். படிவத்தை நிர்வாகத்தின் சான்றொப்பத்துடன் பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகம் ஒப்பமிட மறுத்தால் அதையும் எழுதி அந்த அலுவலகத்திலேயே புகார் கொடுங்கள்.

பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் 1,000 ரூபாய்தான் வருகிறது என்றால் கணக்கைக் கேளுங்கள். அவர் இறந்த நாளில் ஓய்வு பெற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பென்ஷன், திட்டத்தின் அட்டவணைத் தொகை, 1,000 ரூபாய் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதுவே விதவைப் பென்ஷன். 25 வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேர்வரை ஒவ்வொருவருக்கும் உங்கள் பென்ஷனில் கால் பங்கு தனியே உண்டு. பென்ஷன் எடுக்க மாதாமாதம் குமுளி ஏறி வண்டிப்பெரியாறு வங்கிக்குப் போய்வருகிறீர்கள் என்றால் அதுவும் இனித் தேவையில்லை. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் இதைப் பெற்றுக்கொள்ளலாம்.