பெருந்தும்பையா, பேய்மிரட்டியா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இடுப்பளவுக்குப் புதராக வளர்ந்து, தை மாதத்தில் வெளிர் ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு செடியின் இலைகள், தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் மெத்தென்று இருக்கின்றன. என் அப்பத்தா இதைப் பெருந்தும்பை என்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி பேய்மிரட்டி என்கிறார். கைப்பேசிச் செயலி உண்ணிச்செடி என்று காட்டுகிறது. தண்டு சதுரமாக இருப்பதால் துளசிக் குடும்பம் என்று கொள்ளலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அப்பத்தாவும் ஆச்சியும் ஒரே செடியைத்தான் சொல்கிறார்கள், இரண்டும் அதன் பெயர்களே. உங்கள் விவரிப்பு அனிசோமிலஸ் மலபாரிகா என்னும் செடிக்குப் பொருந்துகிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் இதை நெப்பிட்டா என்னும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்திருந்தார். அனிசோமிலஸ் என்ற தனிப் பேரினத்தை 1810இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் வகுத்தார். பச்சை இலையைத் திரியாகத் திரித்து, எண்ணெயில் நனைத்து விளக்கேற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பேயை விரட்டும் என்ற நம்பிக்கை பெயரிலேயே இருக்கிறது.

குடும்பம் பற்றிய உங்கள் முடிவு சரி. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் மட்டும் போதாது. நிலவேம்பின் தண்டும் சதுரம்தான். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூவும் இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். ஆயினும் அது கனகாம்பரத்தின் உறவே தவிர, துளசியின் உறவு அன்று. உண்ணிச்செடிக்கும் சதுரத் தண்டும் எதிரிலைகளும் வாசனையும் இருப்பதால் செயலி தடுமாறியதில் வியப்பில்லை.

ஐயம் தீர விதையைப் பார்ப்பதே வழி. பூ உதிர்ந்த பின்னும் செடியிலேயே நிற்கும் காய்ந்த புல்லிவட்டம் (பூவின் அடியைத் தாங்கும் கிண்ணம்) ஒன்றைக் கிள்ளி, வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். கறுத்துப் பளபளக்கும் சிறு மணிகள் விழும். எதுவும் முன்பே உதிர்ந்திராவிட்டால் நான்கு வரை இருக்கும். துளசியிலும் தும்பையிலும் இதே கணக்குதான். நிலவேம்பின் காயோ முற்றியதும் இரண்டாக வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். உண்ணிச்செடியில் சதைப்பற்றுள்ள கனி கறுத்துப் பழுக்கும்.

குடும்பம் உறுதியானால் செடியை அறிவது எளிது. தும்பை பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. அதன் வெள்ளைப் பூவின் மேலுதடு பஞ்சு ஒட்டிய முக்காடுபோல் கவிந்திருக்கும். பேய்மிரட்டியின் மேலுதடு சிறியது. கீழுதடே அகன்று, ஊதா நிறம் காட்டி நிற்கும். அனிசோமிலஸ் இண்டிகா என்ற நெருங்கிய உறவும் உண்டு. அதன் இலை அகன்று முட்டை வடிவில் இருக்கும், இவ்வளவு மயிர் அடர்ந்திராது. நீங்கள் சொல்லும் அந்த வெல்வெட்டு மென்மையை வைத்துத்தான் மலபாரிகா என்று துணிந்து எழுதுகிறேன்; எனினும் இலை குறுகி நீண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையும் இதே குடும்பம்தானே?
— அதே வாசகி

பதில்: இல்லை. பெயரில் மட்டுமே தும்பை. காசித்தும்பையின் தண்டு நீர் கோத்து உருண்டிருக்கும். பூவின் பின்புறம் மெல்லிய வால் ஒன்று நீளும். முற்றிய காய் விரல் பட்டதும் சுருண்டு வெடிக்கும். பேய்மிரட்டிக்கு உறவு தேட வேண்டிய இடம் உங்கள் வீட்டு முகப்பிலேயே இருக்கலாம். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து செட்டிநாட்டு வீடுகளில் தூண்களாக நிற்கும் தேக்கை இப்போது துளசிக் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். தேக்கின் காய் மட்டும் மேலே சொன்ன நான்கு மணிக் கணக்குக்கு அடங்காது. ஆனால் அடுத்த முறை தேக்கு மரம் ஒன்றைக் கண்டால், அதன் இளங்கிளையை விரலிடையே உருட்டிப் பாருங்கள், நான்கு மூலைகளும் தட்டுப்படும்.