பிளஸ் டூவை 'மதுரித்தா' என்று எழுதலாமா?

கேள்வி: இத்தாலியில் பாதோவா பல்கலைக்கழகத்துக்கு என் மகள் விண்ணப்பிக்கிறாள். பிளஸ் டூவில் 600-க்கு 522. மொழிபெயர்த்தவர் 'மதுரித்தா டிப்ளோமா, 100-க்கு 87' என்று இத்தாலிய மொழியில் போட்டிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டாம் அம்மா, திருத்தித் தரச் சொல்லுங்கள். நானும் இதே தொழிலில் இருப்பவள்தான். இப்படி அழகுபடுத்திய தாள்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

மதுரித்தா என்பது அங்கே 13 வருடப் பள்ளிப் படிப்பை முடித்து எழுதும் தேர்வு. அந்த 100-இல் 40 கடைசி மூன்று வருடப் படிப்புக்கு. மீதி 60 இரண்டு எழுத்துத் தேர்வுக்கும் ஒரு வாய்மொழித் தேர்வுக்கும். தேர்ச்சிக்கே 60 வேண்டும். நம் ஊரில் 35 போதும், படிப்பும் 12 வருடம். அப்புறம் எப்படி 522-ஐ 87 ஆக்குவது? மதிப்பெண் பட்டியலில் இருப்பது இருக்கிறபடியே வரட்டும். 'ஹயர் செகண்டரி' என்ற பெயர் ஆங்கிலத்திலேயே நிற்கட்டும். பக்கத்தில் இத்தாலிய விளக்கம் ஒரு வரி போதும். எதற்கு எது சமம் என்று சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலையே இல்லை. அதற்கு இத்தாலியத் தூதரகம் தரும் மதிப்புச் சான்று இருக்கிறது, ரோமில் சிமேயா என்ற மையம் தரும் ஒப்பீட்டுச் சான்று இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு 12 வருடப் படிப்புதான் குறைந்தபட்சத் தகுதி. உங்கள் மகளுக்கு அது இருக்கிறது, பயம் வேண்டாம்.

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து; பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப்பெயர். இத்தாலிக்காரர்கள் குடும்பப்பெயர் எங்கே என்றுதான் முதலில் தேடுவார்கள். அதற்காக மொழிபெயர்ப்பில் இனிஷியலை விரித்து எழுதிவிடக் கூடாது. இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்பதற்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் அசல் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை), அதற்குப் பிறகே மொழிபெயர்ப்பு. அப்போஸ்டிலில் உள்ள வரிகளும் இத்தாலிய மொழியில் வர வேண்டும். முன்பே மொழிபெயர்த்துவிட்டால் இரண்டாம் முறை காசு கொடுக்க நேரிடும்.

சரி, மகள் சேரப்போவது ஆங்கிலவழிப் படிப்பா? ஆங்கிலச் சான்றிதழையே அப்படியே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய உண்டு. சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்ட பிறகு மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுங்கள்.