டூலாவும் அரிசிம்பருப்பும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஈரோட்டுப் பக்கம். வயது 37. பி.காம். படித்தேன், வேலைக்குப் போனதில்லை. பையன் ஒன்பதாவது, பெண் ஐந்தாவது. என் நாளில் பாதி சமையலறையில்தான் போகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அரிசிம்பருப்பு ஆக்கி நெய் விட்டு வீட்டில் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. போன வருஷம் என் நாத்தனார் பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையில் நான்தான் கூட இருந்தேன். பதினோரு மணி நேரம் என் கையை அவள் விடவே இல்லை. அதற்கப்புறம்தான், பிரசவத்தின்போது தாயின் கூடவே இருந்து ஆறுதலும் தைரியமும் தருகிற டூலா என்று ஒரு வேலை இருப்பதே தெரிந்தது. அடுத்த மாதம் பயிற்சியில் சேர்கிறேன். "மருத்துவச்சி வேலைக்கா போற?" என்று சொந்தத்தில் கேட்கிறார்கள். நர்சிங் படிக்காத நான் இதைச் செய்யலாமா என்ற பயமும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, நேரம் காலம் இல்லாத வேலையாமே, என் வீட்டுச் சமையலை விட வேண்டியிருக்குமோ? பிரசவமான பெண்களுக்கு நானே பத்தியம் சமைத்துக் கொடுக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எட்டு வருஷமாக நானும் இந்த வேலையில் இருக்கிறேன், அதோடு தினமும் சமைக்கவும் செய்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயம். 1980-ல் குவாத்தமாலாவின் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற மருத்துவர்கள் இருந்த குழு. வலியில் இருக்கும் தாய்மார்களில் சிலரோடு மட்டும் ஒரு பெண்ணை விடாமல் கூடவே இருக்க வைத்தார்கள். அந்தப் பெண்கள் நர்சுகள் இல்லை, அந்தத் தாய்களை முன்பின் பார்த்தவர்களும் இல்லை. முதுகைத் தேய்த்துவிட்டார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சிக்கல் இல்லாத பிரசவங்களில், தனியாகக் கிடந்தவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் பிடித்தது, துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரம்கூட ஆகவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் பின்னால் பல நாடுகளில் செய்த ஆய்வுகளை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோதும், விடாத துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்றுதான் வந்தது. நம் தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது, அதனால் இது நமக்கு வெளிநாட்டுச் சங்கதி இல்லை. உங்களை லேபர் வார்டுக்குள் விட்டதுகூட 2004-லேயே தமிழ்நாடு அரசு பிரசவத் துணையை அனுமதித்ததால்தான். பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் மத்திய அரசு அதையே நாடு முழுக்கச் சொன்னது.

சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். மருத்துவச்சி பிள்ளையை எடுப்பவர், டூலா அந்த வேலையைத் தொடுவதே இல்லை. பிரஷர் பார்ப்பது, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்பது, கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது, மருந்து கொடுப்பது, எதுவும் நம் வேலை இல்லை, யார் கேட்டாலும் செய்யக் கூடாது. நம் நாட்டில் டூலாவுக்கு அரசு உரிமம் என்று எதுவும் இல்லாததால் இந்த எல்லையை நாமே காக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், மருத்துவச்சி என்பதை யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் பாட்டிகளையெல்லாம் இந்த உலகத்துக்குக் கையில் ஏந்தி எடுத்தவர்கள் அவர்கள்.

சரி, சமையலுக்கு வருகிறேன். விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் இல்லாத அன்றைக்கும் உங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். பயிற்சி வகுப்பு சில நாட்களில் முடிந்துவிடும், உங்கள் வீடு தயாராகத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஒரு பெண்ணுக்கு 38 வாரம் தொடங்கினால் பிள்ளை பிறக்கும்வரை நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்தவர். பனிக்குடம் இரவு இரண்டு மணிக்கு உடையும், தீபாவளி அன்றைக்கு உடையும், உங்கள் பையன் பரீட்சைக்குக் கிளம்பும் காலையிலும் உடையும். அந்த மூன்று நான்கு வாரம் வெளியூர்க் கல்யாணம் கிடையாது, போனை அணைக்க முடியாது, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் போக இன்னொரு டூலாவை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அதனால் பயிற்சி தொடங்கும் முன்பே ஒன்பதாவது படிக்கும் பையனுக்கு அரிசிம்பருப்பு கற்றுக்கொடுங்கள். அவன் கூடவே அவன் அப்பாவும் அடுப்படியில் நிற்கட்டும். சின்ன வெங்காயம் உரிப்பதில் இருந்து, தண்ணீர் அளவு, எத்தனை விசில் என்பது வரை அவர்களே செய்யட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். கொள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லி மாவு மூன்றும் எப்போதும் இருக்கட்டும். நான் கிளம்பிப் போன முதல் சில இரவுகளில் வீட்டில் என்ன சாப்பிட்டார்களோ என்ற நினைப்பு பிரசவ அறைக்குள்ளும் கூடவே வந்தது, பக்கத்தில் ஒருத்தி வலியில் துடிக்கும்போது மனசு வேறெங்கோ இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும், உடம்பால் தெரிந்துகொள்வாள். வீட்டில் குழம்பு இருக்கிறது, ஆக்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் நான் முழுசாக அங்கே இருந்தேன்.

இன்னொரு விஷயம், யாரும் எனக்குச் சொல்லித் தராதது. ஒரு மாலை மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது, அடுப்பை அணைத்துவிட்டு அதே சேலையில் ஓடினேன். வலி நன்றாகக் கூடியிருந்த நேரம். குனிந்து அவள் இடுப்பைப் பிடித்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தாள். என் முந்தானையில் இருந்த வெந்தயமும் மீனும்தான் காரணம். அந்த நேரத்தில் மூக்கு அவ்வளவு கூர்மையாகிவிடும். அன்றிலிருந்து துவைத்த பருத்திச் சுடிதார் ஒன்று பையிலேயே இருக்கிறது, எவ்வளவு அவசரம் என்றாலும் தலையில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். நம் சாப்பாட்டையும் அறைக்கு வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஆனால் சமையல் தந்த கை அங்கே உதவும். முதுகுப் பக்கம் வலி எடுக்கிறவளுக்கு, இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்குச் சற்று மேலே தட்டையாக இருக்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி ஏறும்போது அழுத்தி, அது இறங்கும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். பரோட்டா மாவு பிசைந்த கைக்கு அந்த அழுத்தம் வரும். "அங்கதான், எடுக்காதீங்க" என்பாள். மணிக்கணக்கில் அப்படியே நிற்பீர்கள். லேகியம் கிண்டியிருப்பீர்கள் இல்லையா, எண்ணெய் பிரியும்வரை அடுப்பை விட்டு நகர முடியாதே, அந்தப் பொறுமைதான் இது.

பத்தியம் பற்றிக் கேட்டீர்கள். சமைத்துக் கொடுக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய டூலாக்கள் பலர் அதைச் செய்கிறார்கள். நல்லெண்ணெயில் பூண்டை வதக்கி வைத்த குழம்பு, முருங்கைக்கீரை, சாப்பிடுகிறவர்களுக்குப் பால் சுறாப் புட்டு, இதையெல்லாம் சூடாக ஒருவர் கொண்டுவந்து வைப்பதே தூக்கமில்லாத தாய்க்குப் பெரிய ஆறுதல். ஆனால் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் சேராதீர்கள், பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கலில் தையல் இடம் படாதபாடு படும். பிள்ளைக்குச் சேனை வைக்கக் கிளம்புகிற பெரியவர்களிடம், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் சேனை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. கேட்காவிட்டால் டாக்டரையோ நர்சையோ சொல்ல வையுங்கள், பாட்டியோடு நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

அப்புறம், அவள் வீட்டுப் பத்தியம் உங்கள் வீட்டுப் பத்தியமாக இருக்காது. ஒரு வீட்டில் கருவாடு உண்டு, இன்னொரு வீட்டில் அங்காயப்பொடிதான். நாற்பது நாளும் எனக்குத் தயிர்சாதம் போதும் என்று சொன்ன பெண்ணுக்கு நான் தயிர்சாதம்தான் பிசைந்து கொடுத்தேன். என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

முதல் பிரசவம் முடிந்ததும் எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா