ஐபிஎல் பந்தயத்தைச் சட்டப்பூர்வமாக்கினால் ஆட்ட மோசடி ஒழிந்துவிடுமா?

ஒழியாது. சில திருட்டுகள் சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் காரைக்குடியில் ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் நின்று கேளுங்கள். எந்த அணி ஜெயிக்கும் என்பதைப் பற்றி இளைஞர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை. இந்த ஓவரில் எத்தனை ரன், அடுத்த பந்து வைடா என்பதில்தான் பணம் கைமாறுகிறது. என்னைக் கவலைப்பட வைப்பது இந்தச் சில்லறைப் பந்தயம்தான்.

எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதி வேண்டுமென்றே கயிற்றை இழுத்துப் பிடித்தால் சாலையோரம் நிற்கும் கூட்டம் கண்டுகொள்ளும். பிறகு அவரை நம்பி மாட்டைக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆட்டத்தையே விட்டுக்கொடுப்பது அத்தனை கடினம். ஒரு நோபால் அப்படியா? 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர் முகமது ஆமிர் கோட்டைத் தாண்டி வெகுதூரம் காலை ஊன்றினார். எந்தப் பந்து நோபால் ஆகும் என்பதைத் தரகர் முன்கூட்டியே விலைபேசியிருந்தார். ஆமிருக்கு அப்போது வயது 18. அதே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்த பையன் அவர்! அணியைத் தோற்கடிக்கச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பாரோ என்னவோ. ஒரு பந்துதானே என்றால் மனம் எளிதில் இடம்கொடுத்துவிடுகிறது. 2011இல் ஆமிர், சக பந்துவீச்சாளர் ஆசிஃப், கேப்டன் சல்மான் பட் மூவரும் லண்டனில் சிறைக்குப் போனார்கள்.

பந்தயத்தைச் சட்டப்பூர்வமாக்கலாம் என்று 2016இல், கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவே பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு வழிதிறந்தது. அங்கே என்ன நடந்தது? கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டர் உடல்நிலை சரியில்லை என்று சில நிமிடங்களிலேயே ஆட்டத்திலிருந்து வெளியேறினார். அவர் குறைவாகவே ஆடுவார் என்று பணம் கட்டியவர்களுக்காகத்தான் அந்த நாடகம். வழக்கத்துக்கு மாறான தொகை வந்ததைப் பந்தய நிறுவனங்கள் கவனித்ததால் மாட்டிக்கொண்டார். 2024இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆயுள் தடை விதித்தது. பிடிபட்டது நல்லதுதான். ஆனால் தனி ஒரு வீரர்மீது பணம் கட்டும் வசதியையும் அதே சட்டப்பூர்வச் சந்தைதானே திறந்துவைத்தது?

2025இல் மத்திய அரசு இணையவழிப் பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது பந்தயத்தைத் தடுக்கும் சட்டம். ஆட்டத்தை விற்பவரைத் தண்டிக்கும் சட்டம் அல்ல. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஆட்ட நிர்ணயம் (மேட்ச் பிக்சிங்) இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் வரும் மோசடி ஆகாது, கிரிக்கெட் வாரியம்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. ஆட்ட நிர்ணயத்தையே தனிக் குற்றமாக்க வேண்டும் என்றும் லோதா குழு சொல்லியிருந்தது. பந்தயத்துக்கு அனுமதி தருவதைப் பற்றிப் பேசுமுன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவாருங்கள்.