ஊசி போட்டதும் கழுத்து கோணிக்கொண்ட தம்பிக்கு

ஆவேசமாக இருந்த தம்பிக்கு, அமைதிப்படுத்தும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாள் கழுத்து கோணி, கண் மேலே செருகியது, இனி அந்த மருந்தே கூடாதா என்று கேட்டிருக்கீங்க.

பதறாதீங்க. இது டிஸ்டோனியா, அதாவது மருந்தின் பக்கவிளைவாகத் தசைகள் தானாக இறுகிக் கோணிக்கொள்வது. இளவயது ஆண்களுக்கு அதிகம் வரும். புரோமெத்தசின் (அலர்ஜிக்கும் தரும் ஒரு மருந்து) மாதிரி ஊசி போட்டால் சீக்கிரமே இறங்கிவிடும். தொண்டை இறுகி மூச்சுத் திணறினால் மட்டும் நொடி தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்க.

என் கணிப்பில் குறை மருந்தில் இல்லை, அதைத் தனியாகப் போட்டதில்தான். 2007இல் வெளிவந்த ரியோ டி ஜெனிரோ ஆய்வில் டிஸ்டோனியா வந்தவர்கள் எல்லாரும் ஹாலோபெரிடால் மட்டும் பெற்றவர்கள். புரோமெத்தசினும் சேர்த்துப் பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. அதே ஆண்டு நம்ம வேலூர் ஆய்வில் இந்த ஜோடியும், இன்னொரு மனநோய் மருந்தான ஓலன்சபின் ஊசியும் ஒரே வேகத்தில் அமைதிப்படுத்தின. ஆனால் ஓலன்சபின் பெற்றவர்களுக்குத்தான் அடுத்த 4 மணி நேரத்தில் கூடுதல் மருந்து அதிகம் தேவைப்பட்டது.

லோராசெபாம் என்ற தூக்க வகை மருந்தும் போடுவதுண்டு. ஆனால் ஓலன்சபின் ஊசியோடு சேர்த்துப் போட்டால் மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கலாம். இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்க, ஹாலோபெரிடாலுக்கு முன் ஈசிஜி பார்ப்பாங்க. "ஹாலோபெரிடால் தனியாகப் போட்டு டிஸ்டோனியா வந்தது" என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைங்க. இரவு டியூட்டி டாக்டர் கண்ணில் முதலில் படட்டும்.