நூலக மேசை: மின்னிதழ்களை மொத்தமாகக் கேட்லாகில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: எங்களுடையது அரசு கலைக் கல்லூரி. ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்னிதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் மாணவர்கள் கோஹா என்ற நூலக மென்பொருளின் கேட்லாகில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் என்கிறார் முதல்வர். நூலகத்தில் நானும் ஓர் உதவியாளரும்தான். வழி சொல்லுங்கள் அம்மா.
- கல்லூரி நூலகர், சிவகங்கை

பதில்: ஒன்றைக்கூடக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், தம்பி. 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இருக்கின்றன. இதழுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 2,000 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

பெரிய பதிப்பகங்கள் தங்கள் தளத்திலேயே 'கேபார்ட்' என்ற அமைப்பில் இதழ்ப் பட்டியல் வைத்திருக்கின்றன. வரிக்கு ஓர் இதழ். மொத்தம் 25 கட்டங்கள். முக்கியமாக நமக்கு வேண்டியது தலைப்பு, அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழுக்கு உரிய அடையாள எண்), இணைய ஐஎஸ்எஸ்என், எந்த ஆண்டு முதல் எதுவரை, இணைய முகவரி. அந்தப் பட்டியலில் நம் சந்தாவுக்குள் வராத இதழ்களும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்துக் கழித்துவிடுங்கள். கேட்லாகில் பார்த்து ஆசையாக உள்ளே போகும் பிள்ளையிடம் திரை பணம் கேட்கக் கூடாது.

பட்டியலை எக்செல்லில் நேரடியாக டபுள் க்ளிக் செய்து திறக்காதீர்கள். 'நேச்சர்' இதழின் அச்சு எண் 0028-0836. சில பட்டியல்களில் நடுக்கோடு இல்லாமல் 00280836 என்று வரும். எக்செல் அதை எண்ணாக நினைத்து முன்னால் உள்ள இரண்டு சுழியத்தையும் விழுங்கி 280836 என்று காட்டும். இதழ் எண் 3-4 என்றிருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். அதனால் டேட்டா பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எல்லாக் கட்டங்களையும் 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் காலத்து டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்பை யுனிகோடில் திறந்தால் என்ன குப்பை வருமோ அதுதான், இதைத் தவறவிட்டால் ஐரோப்பிய இதழ்களின் பெயர்களுக்கும் வரும்.

அடுத்தது மார்க்எடிட். டெரி ரீஸ் என்ற அமெரிக்க நூலகர் எழுதிய இலவச மென்பொருள். எக்செல் கட்டங்களை மார்க் பதிவுகளாக, அதாவது கேட்லாக் மென்பொருள் படிக்கும் வடிவமாக, மாற்றும் கருவி அதில் உண்டு. மார்க்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட புலம் ஒன்று உண்டு: தலைப்பு 245-க்கு, இணைய ஐஎஸ்எஸ்என் 022-க்கு, முகவரி 856-க்கு, ஆண்டு விவரம் அதே 856-இல் $3 என்ற உட்புலத்துக்கு. பதிவின் தொடக்கத்தில் வரும் லீடர் வரியில் 7-ஆம் இடத்தில் தொடர் வெளியீட்டுக்கான 's' இருக்கட்டும். மறந்தால் இதழெல்லாம் புத்தகமாகப் பதிவாகும். எந்தக் கட்டம் எந்தப் புலத்துக்கு என்ற இந்தப் பொருத்தத்தை ஒரு முறை அமைத்துச் சேமித்துக்கொண்டால் அடுத்த பதிப்பகத்துக்கும் அதுவே உதவும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு தொகுதி ஏற்றினோம். பழைய பதிவுகளோடு ஒப்பிடுவதற்குத் தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அச்சுக்கும் இணையத்துக்கும் ஒரே தலைப்புதானே. புதியவை பழையவற்றின் மேலேயே எழுதிவிட்டன. அன்றைய மென்பொருளில் திரும்பப் பெறும் வசதி கிடையாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தாவரவியல் ஆய்வு மாணவி ஒருத்தி பழைய கட்டுரை தேடி, கேட்லாகில் வெறும் இணைப்பை மட்டும் பார்த்து, மதுரைக்குப் பஸ் ஏறிப்போய் நகல் எடுத்து வந்திருக்கிறாள். அந்த பைண்டிங் தொகுதி எங்கள் மாடியில், சிவப்பு ரெக்சின் அட்டையோடு அப்படியே இருந்தது. அவளிடம் அதை எடுத்துக்காட்டிய நாளை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே 022-ஐ வைத்து ஒப்பிடுங்கள். நேச்சரின் இணைய எண் 1476-4687. அச்சு எண்ணோடு மோதாது. ஒத்த பதிவு இருந்தால் மேலெழுத வேண்டாம், வருவதை ஒதுக்கி வை என்று கோஹாவுக்குச் சொல்லுங்கள். முதலில் பத்தே பத்துப் பதிவு. மாணவர் ஒருவரைத் தேடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சரியென்றால் மீதி. கோஹாவில் இம்போர்ட் செய்ததைத் திரும்பப் பெறலாம். ஆனாலும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் உள்ளூர்ப் புலம் ஒன்றில் தொகுதிப் பெயரையும் ஆண்டையும் போட்டு வையுங்கள். சந்தா நின்றாலோ பதிப்பகம் விலகினாலோ அந்தப் பெயரை வைத்துத் தேடி அத்தனையையும் ஒரே நாளில் நீக்கிவிடலாம். இந்தக் குறி இல்லாமல் ஒரு பதிவுகூட உள்ளே போகக் கூடாது.

கேள்வி: அச்சு இதழின் பதிவிலேயே இணைய முகவரியைச் சேர்த்துவிட்டால் என்ன? இரண்டு பதிவு எதற்கு?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இருபது முப்பது இதழ் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம், தேடுகிறவர்களுக்கும் அது வசதி. நூற்றுக்கணக்கில் வரும்போது தனிப் பதிவுதான் சரி. அச்சுப் பதிவுக்குள் கைவைத்தால் நாளைக்குச் சந்தா போகும்போது ஒவ்வொன்றாகத் திறந்து முகவரியை அழிக்க வேண்டியிருக்கும். 776 என்பது அதே இதழின் வேறு வடிவத்தைச் சுட்டும் புலம்; இணையப் பதிவின் 776-இல் அச்சு ஐஎஸ்எஸ்என்-ஐயும், அச்சுப் பதிவின் 776-இல் இணைய எண்ணையும் போட்டுவிடுங்கள். மார்க்எடிட்டில் முதல் வேலையை அதே பட்டியலிலிருந்தே முடிக்கலாம். இரண்டாவதைக் கையால்தான் செய்ய வேண்டும். உங்கள் அலமாரியில் இன்னும் அச்சில் இருப்பவற்றுக்கு மட்டும் போதும்.